ஆதரவு யாருடையது? மேயர் தேர்தலும் நம் குடியிருப்புகளின் குரலும்



ஐயா என். சிவராஜ் அவர்களை நினைவுகூரும் இந்தப் பொழிவை ஓர் ஒப்புதலோடு தொடங்க விரும்புகிறோம்.

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, பெரிய காஞ்சிபுரத்தின் ஒரு வார்டில் துண்டறிக்கை ஒன்று விநியோகிக்கப்பட்டது. ‘இப்பகுதி வாழ் ஆதிதிராவிட மக்களின் ஏகோபித்த ஆதரவு பெற்ற வேட்பாளர்’ என்று அதில் அச்சிட்டிருந்தது. கீழே ஏழு பெயர்கள். அவற்றில் இரண்டு எங்களைச் சேர்ந்தவை. யாரும் எங்களை மிரட்டவில்லை, யாரும் பணம் தரவில்லை. நல்ல வேட்பாளர் என்று நம்பினோம், கையெழுத்துப் போட்டோம். ஆனால் எந்தத் தெருவிலும் கூட்டம் போட்டு மக்களைக் கேட்கவில்லை.

அந்த வேட்பாளரோடு ஒரு மாலை வீடு வீடாகப் போனபோது, துப்புரவுப் பணிக்குப் போய்வரும் ஒரு அக்கா துண்டறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை நிறுத்தினார். “ஏம்பா, எங்க ஆதரவுன்னு போட்டிருக்கீங்களே, எங்கள எப்போ கேட்டீங்க?” என்றார். எங்களிடம் பதில் இல்லை. பிறகு வேட்பாளர் பக்கம் திரும்பி, “மேயர் யாரு தம்பி?” என்று கேட்டார். “அதைக் கட்சி முடிவு பண்ணும்க்கா” என்றார் அவர். “அப்போ எங்க ஓட்டு வார்டோட நின்னுடுது. அப்பால போறது உன் ஓட்டு. அத யாருக்குப் போடுவே, எதுக்குப் போடுவேன்னு எங்ககிட்ட சொல்ல மாட்டியா?”

இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தேடுவதுதான் இன்றைய பொழிவு. முதல் கேள்வி, குடியிருப்பின் ஆதரவைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பது. இரண்டாவது, மேயரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு நம்மிடம் இல்லாதபோது நம் ஆதரவுக்கு என்ன மதிப்பு என்பது.

மேயரைத் தேர்ந்தெடுப்பது யார்?

மாணவர்களுக்காக முதலில் நடைமுறையைச் சொல்லிவிடுகிறோம். 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதத்திலும், பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமலும் இடம் ஒதுக்க வேண்டும் என்று அது சொன்னது. தமிழ்நாடு 2016இல் பெண்களுக்கான பங்கை 50 விழுக்காடாக உயர்த்தியது. ஆனால் மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, மாமன்ற உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பதா என்பதை மாநில அரசுகளின் கையில் விட்டார்கள். தமிழ்நாட்டில் 1996, 2001, 2011 தேர்தல்களில் மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். 2006இல் உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம் மீண்டும் மறைமுகத் தேர்தல் வந்தது.

2016இல் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்றத்தில் நின்றுபோனதால் ஐந்தாண்டுகளுக்கு மேல் நம் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை, அதிகாரிகளே ஆண்டார்கள். அந்த இடைவெளியில்தான், 2021இல், காஞ்சிபுரம் நகராட்சி மாநகராட்சி ஆனது. 51 வார்டுகள். 2022 பிப்ரவரி 19இல் வாக்குப்பதிவு, 22இல் எண்ணிக்கை, மார்ச் 4இல் மேயருக்கான மறைமுகத் தேர்தல். காஞ்சிபுரத்தின் முதல் மேயராக மகாலட்சுமி யுவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

மாநிலத்தின் 21 மாநகராட்சிகளில் மேயர் பதவி எப்படி ஒதுக்கப்பட்டது என்று பாருங்கள். சென்னையும் தாம்பரமும் பட்டியல் சாதிப் பெண்களுக்கு, ஆவடி பட்டியல் சாதியினருக்கு, காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 பொதுப் பிரிவுப் பெண்களுக்கு. மற்ற 9 இடங்களுக்கு ஒதுக்கீடு இல்லை. சென்னையில் ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயரானார். அது பெருமைக்குரிய செய்தி. அதே நேரத்தில் காஞ்சிபுரத்துக்கான ‘பொதுப் பிரிவுப் பெண்’ என்ற சொல்லையும் நாம் சரியாகப் படிக்க வேண்டும். பொதுப் பிரிவு என்றால் எந்தச் சாதிப் பெண்ணும் நிற்கலாம் என்றுதான் பொருள். நம் தெருப் பெண்ணும் அதில் அடக்கம். ஆனால் கட்சி அலுவலகங்களில் ‘பொது’ என்ற சொல் ‘சாதி இந்து’ என்றே படிக்கப்படுகிறது. நாமும் அப்படியே படிக்கப் பழகிவிட்டோம். ஒதுக்கீடு இல்லாத இடத்தில் நம் பெயரைச் சொல்ல நமக்கே நா எழுவதில்லை.

சிவராஜ் கண்ட இரண்டு வாசல்கள்

சென்னை மாநகராட்சியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த முதல் மேயர் ஜெ. சிவசண்முகம் பிள்ளை, 1937இல் பதவியேற்றவர். அவருக்குப் பின், 1945இல், என். சிவராஜ் மேயரானார். இருவரையும் தேர்ந்தெடுத்தவர்கள் மன்ற உறுப்பினர்கள்தான். ஆகவே மறைமுகத் தேர்தல் என்றாலே நமக்கு வழியில்லை என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. அந்த வாசல் வழியாகவும் நம்மவர்கள் போயிருக்கிறார்கள்.

ஆனால் அதே காலத்தில் சிவராஜ் இன்னொரு வாசலையும் கண்டார். அது 1932 செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தம் திறந்த வாசல். மாகாணச் சட்டமன்றங்களில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கு 148 இடங்கள், அதில் சென்னை மாகாணத்துக்கு 30. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனும் அதில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அந்த ஒப்பந்தத்தில் பலர் மறந்துவிட்ட ஒரு பிரிவு உண்டு. ஒதுக்கப்பட்ட ஒவ்வொரு இடத்துக்கும் முதலில் ஒடுக்கப்பட்ட வகுப்பு வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள்.

முதல் கட்டம் என்பது என்ன? நம் மக்கள் தங்கள் வேட்பாளருக்குத் தரும் ஆதரவு. சட்டமே அதற்கு ஒரு வாக்குப்பெட்டி வைத்திருந்தது. ஆனால் முடிவு செய்வது இரண்டாம் கட்டம். முதல் கட்டத்தில் நம் மக்கள் நான்காவதாக நிறுத்திய ஆள், பெரும்பான்மையின் வாக்கால் இரண்டாம் கட்டத்தில் வென்றுவிட முடியும். புரட்சியாளர் அம்பேத்கர் இதைத் தொடர்ந்து சுட்டிக்காட்டினார். 1945-46 தேர்தலில் அது கண்முன் நடந்தது. முதல் கட்ட வாக்கெடுப்பில் பல இடங்களில் முன்னிலை பெற்ற பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு, இறுதித் தேர்தலில் படுதோல்வி அடைந்தது. 1942இல் நாகபுரியில் அந்தக் கூட்டமைப்பு உருவானபோது அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் சிவராஜ். மன்றத்தின் வாக்கால் மேயரானவர், தம் மக்களின் ஆதரவு வாக்கு இரண்டாம் கட்டத்தில் செல்லாக்காசானதையும் அதே ஓராண்டுக் காலத்தில் பார்த்தார்.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று. ஒரு பதவி நமக்கு ஒதுக்கப்படுவது வேறு, அந்தப் பதவிக்கு நாம் விரும்பும் ஆள் வருவது வேறு. முதலாவதைச் சட்டம் தரும். இரண்டாவதற்கு நம் ஆதரவு எடை உள்ளதாக இருக்க வேண்டும்.

மூடிய அறைக்குள்

மறைமுகத் தேர்தலிலும் இதே இரண்டு கட்டங்கள் உள்ளன. முதல் கட்டத்தில் நாம் வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கிறோம். இரண்டாம் கட்டம் மாமன்றத்தின் அறைக்குள் ரகசிய வாக்காக நடக்கிறது.

அந்த அறைக்குள் நடப்பது நம் கணக்குக்கு அடங்காது என்பதற்கு 2022 மார்ச் 4 சாட்சி. அன்று நெல்லிக்குப்பம் நகராட்சித் தலைவர் பதவி கூட்டணியில் விடுதலைச் சிறுத்தைகளுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் வென்றவர் போட்டியாக நின்ற திமுக உறுப்பினர். வேறு சில ஊர்களிலும் கூட்டணிக் கட்சிகளுக்கு இதுவே நேர்ந்தது. அப்படி வென்றவர்கள் பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சரே அன்று அறிக்கை விட வேண்டி வந்தது. மேலிடத்தில் இரண்டு தலைவர்கள் கையெழுத்திட்ட ஆதரவு, கீழே அறைக்குள் ஒரு பிற்பகல்கூடத் தாங்கவில்லை.

நம் ஊரிலும் 2024 ஜூலையில் மேயர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. ஜூலை 29இல் கூடிய கூட்டத்துக்கு உறுப்பினர்கள் வராததால் அது தோற்றது. மேயர் சரியா, தீர்மானம் சரியா என்ற வழக்குக்குள் நாங்கள் போகவில்லை. எங்கள் கேள்வி வேறு. தீர்மானம் கொண்டுவரும்போதும் சரி, அதைக் கைவிடும்போதும் சரி, எந்த உறுப்பினராவது தம் வார்டில் நம் தெருவுக்கு வந்து ‘என்ன செய்யட்டும்?’ என்று கேட்டாரா? எங்களுக்குத் தெரிந்த தெருக்களில் கேட்கவில்லை. அதைவிட முக்கியம், நாமும் போய்க் கேட்கவில்லை.

இங்கே ஒரு சட்ட விவரம் நமக்கு உதவும். கட்சித் தாவல் தடையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களுக்குத்தான் பொருந்தும். மாமன்ற உறுப்பினரை அது கட்டுப்படுத்தாது. ‘கட்சி சொன்னபடி போட்டே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பதவி போய்விடும்’ என்று உங்கள் வார்டு உறுப்பினர் சொன்னால், அந்த அட்டவணையில் அப்படி எதுவும் இல்லை. கட்சிக்குள் அவருக்கு நெருக்கடி இருக்கலாம். ஆனால் தெருவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றச் சட்டம் அவருக்குத் தடையில்லை.

ஊர் ஆதரவு என்ற பெயரில்

‘ஊரே சேர்ந்து ஒருவரை ஆதரிப்பது’ என்றால் கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சொல்லின் வரலாறு இனிமையானதல்ல.

மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகள் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட 1996 முதல் பத்தாண்டுகள் என்ன நடந்தது? மனுப்போட ஆள் இல்லாமல் செய்தார்கள். சில முறை ஊர் ‘ஆதரித்த’ ஒரு பொம்மை வேட்பாளரை வெல்ல வைத்து உடனே விலக வைத்தார்கள். 2006இல்தான் அங்கே தேர்தல் முறையாக நடந்தது. அதே மாவட்டத்தின் மேலவளவில் ஊர் எதிர்ப்பை மீறித் தலைவரான முருகேசனும் உடனிருந்தவர்களும் 1997 ஜூன் 30இல் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஊர் ஆதரவு என்பது அங்கே ஊர்க் கட்டுப்பாட்டின் மறுபெயர்.

நம் பக்கத்திலும் பழம்பெருமை ஒன்று உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் வாரியங்களுக்கு ஆள் எடுத்ததை அவை சொல்கின்றன. பள்ளிப் புத்தகம் இதை மக்களாட்சியின் ஊற்று என்கிறது. ஆனால் ஓலையில் பெயர் எழுதப்பட என்ன தகுதி வேண்டும்? வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. அது பிராமணர் ஊரின் சபை. அந்த நிலத்தில் உழைத்தவர்களின் பெயர் ஓலையில் வர வழியே இல்லை. எனினும் அந்தக் கல்வெட்டில் நாம் எடுத்துக்கொள்ளத்தக்க விதி ஒன்று இருக்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடத்தில் வரக் கூடாது. நிலத்தையும் வேதத்தையும் விட்டுவிடுவோம். கணக்கை எடுத்துக்கொள்வோம்.

மேலவளவிலும் பாப்பாபட்டியிலும் நடந்ததைப் பேசும் நாம், ஏழு பேர் கையெழுத்தில் ஒரு தெருவின் ஆதரவை அறிவித்ததையும் பேச வேண்டும். அங்கே நடந்தது கொடுமை, இங்கே நடந்தது அலட்சியம். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் கேட்காமலே ‘எல்லோரும் சம்மதம்’ என்று சொல்லும் பழக்கம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

ஆதரவு எப்படித் தரப்பட வேண்டும்?

இந்த மாமன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்கு முன் நாம் செய்ய வேண்டியவற்றை நடைமுறையாகவே சொல்கிறோம்.

முதலில் கேட்க வேண்டும். கூட்டம் நம் மக்கள் வரக்கூடிய நேரத்தில் நடக்க வேண்டும். துப்புரவுப் பணியாளர்கள் விடியுமுன் வேலைக்குப் போகிறவர்கள், தறியிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் பொழுதுசாய்ந்தே திரும்புகிறார்கள். பெண்கள் பேசி முடித்த பிறகு ஆண்கள் பேசட்டும். ஆதிதிராவிடர் தெருவின் முடிவை அருந்ததியர் தெருவின் முடிவாகவும், ஓரத்தில் குடிசை போட்டிருக்கும் இருளர் குடும்பங்களின் முடிவாகவும் அறிவிக்கக் கூடாது. அவர்களையும் அவர்கள் இடத்திலேயே போய்க் கேட்க வேண்டும்.

இரண்டாவது, கோரிக்கை எழுத்தில் இருக்க வேண்டும், மாநகராட்சியால் செய்யக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் வேலை, ரேஷன் கடை வேறு துறை. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, குப்பை, பொதுக் கழிப்பிடம், சுடுகாட்டுப் பாதை, சொத்துவரி ஆகியவை மாநகராட்சியின் வேலைகள். மஞ்சள்நீர் கால்வாய் ஓரத்தில் மழைக்காலத்தில் வீட்டுக்குள் சாக்கடை வருகிறதென்றால் அது மேயரிடம் கேட்க வேண்டிய கேள்வி. துப்புரவுப் பணி ஒப்பந்ததாரர் கைக்குப் போவதும் அப்படியே. 2022இல் வந்த அரசாணை 152 மாநகராட்சிகளின் நிரந்தரப் பணியிடங்களைச் சுருக்கி வெளியாட்கள் மூலம் வேலை வாங்க வழி செய்தது. நம் உறவுகளின் சோறு அதில் இருக்கிறது. கழிவுநீர்க் குழிக்குள் மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படி இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. இழப்பீடு வாங்கும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளும் மேயர் நமக்கு வேண்டும்.

மூன்றாவது, அந்த அக்கா கேட்ட கேள்வி. வார்டு வேட்பாளர் வாக்குக் கேட்டு வரும்போதே, ‘மேயர் தேர்தலில் யாருக்குப் போடுவீர்கள்? எதை முன்வைத்துப் போடுவீர்கள்?’ என்று கூட்டத்தில் கேட்க வேண்டும். அறைக்குள் ரகசிய வாக்கு என்பதால் அவர் சொன்னபடி போட்டாரா என்பதை நாம் சரிபார்க்க முடியாது. அதனால்தான் பலர் அறிய முன்கூட்டியே சொல்லவைப்பது முக்கியம். நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லுக்கு ஒரு கனம் இருக்கிறது. மேயர் பதவியை விரும்புகிறவர்களும் நம் தெருவுக்கு வந்து பேசட்டும். நம் தெருப் பெண் ஒருவர் தகுதியானவர் என்றால் ‘பொதுப் பிரிவு’ என்று தயங்காமல் அவர் பெயரையே முன்மொழிவோம்.

நான்காவது, ஆதரவு வேறு, வாக்கு வேறு. கூட்டத்தின் முடிவை ஏற்காத ஒருவரை ஒதுக்கி வைப்பதோ, கடிந்துகொள்வதோ கூடாது. வாக்கு அவரவருடைய ரகசியம். நாம் ஊர்க் கட்டுப்பாடு போட்டால், நம்மை அடக்கியவர்களின் கருவியை நம் கையில் எடுத்ததாகிவிடும். மாற்றுக் கருத்து இருந்தால் அதையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

கடைசியாக, கொடுத்த ஆதரவுக்குக் கணக்குக் கேட்க வேண்டும். 2022இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி மாநகராட்சி வார்டுகளில் வார்டுக் குழுவும் பகுதி சபையும் அமைக்கப்பட வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1இல் மாநிலமெங்கும் கூட்டங்கள் நடந்தன. கிராமசபை அளவுக்கு அவற்றில் மக்கள் கலந்துகொள்வதில்லை. நாம் போய் உட்கார்ந்தால் அது நம் அவை. உறுப்பினர் அங்கே வந்து, எந்தத் தீர்மானத்தை ஆதரித்தார், எதை எதிர்த்தார் என்று சொல்லட்டும். சொல்லாதவருக்கு, உத்திரமேரூர் விதிப்படி, அடுத்த முறை நம் குடத்தில் இடமில்லை.

மேயரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கோரிக்கையை நாம் கைவிட வேண்டியதில்லை. ஆனால் நேரடித் தேர்தல் வந்தாலும் நாம் ஊரில் சிறுபான்மையே. அப்போதும் எடை தரப்போவது, கேட்டு எடுத்த ஆதரவும் பின்பற்றிக் கேட்கும் கணக்கும்தான்.

தோழர்களே, 2022இல் எங்கள் பெயர் இருந்த துண்டறிக்கை ஒன்றை இன்னும் வைத்திருக்கிறோம். அடுத்த தேர்தலில் இப்பகுதியின் ஆதரவைச் சொல்லித் துண்டறிக்கை வந்தால், அதில் ஏழு பெயர்கள் இருக்க வேண்டாம். கூட்டம் நடந்த நாள், இடம், வந்தவர்களின் எண்ணிக்கை, ஆதரித்தோர் எத்தனை பேர், மறுத்தோர் எத்தனை பேர், வேட்பாளர் கொடுத்த வாக்கு என்ன என்பவை இருக்கட்டும். அதைக் கையில் வாங்கிப் பார்க்கும் அந்த அக்கா, “எங்கள எப்போ கேட்டீங்க?” என்று கேட்டால், காட்டுவதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும்.

ஜெய்பீம்.